சிஸ்டோசோமா புழுத்தொற்று: குழந்தையின் சிறுநீரில் அட்டைச் சோதனை செய்யும் முறை

உகாண்டாவின் தலைநகரான கம்பாலாவில் நான்கு ஆண்டுகள் இருந்துவிட்டுச் சென்னைக்குத் திரும்பிய குடும்பம் ஒன்று, தங்கள் இரு பிள்ளைகளையும் நான் வேலை பார்க்கும் ஆய்வகத்துக்கு அழைத்து வந்தபோதுதான், அதுவரை படத்தில் மட்டுமே பார்த்திருந்த, சிறுநீர்த் துளி விட்டால் கோடு காட்டும் இந்தச் சோதனை அட்டையை முதன்முதலாகக் கையில் எடுத்தேன். பிள்ளைகள் இருவரும் விக்டோரியா ஏரியில் பலமுறை குளித்தவர்கள். அந்த ஏரி நீரில் நத்தைகளிலிருந்து வெளிவரும் சிஸ்டோசோமா மான்சோனி என்னும் ஒட்டுண்ணியின் இளம்புழு தோலைத் துளைத்து உள்ளே நுழைந்து, முதிர்ந்தபின் குடலைச் சூழ்ந்த இரத்தக் குழாய்களில் தங்கிவிடுகிறது. அது வெளிவிடும் ஒருவகை ஆன்டிஜென் (உடலின் எதிர்ப்பு சக்தி அந்நியம் என்று அடையாளம் காணும் பொருள்) இரத்தத்தில் கலந்து சிறுநீரில் வடிகிறது. அட்டை காட்டுவது அதைத்தான், புழுவையோ முட்டையையோ அல்ல. சிறுநீர்ப்பையைத் தாக்கும் ஹீமட்டோபியம் என்னும் இன்னொரு சிஸ்டோசோமா இனத்துக்கு இந்தச் சிறுநீர் அட்டையை நம்ப முடியாது என்பது எனக்கே முதலில் விந்தையாக இருந்தது. அதற்குக் காலை 10 மணிக்கும் பிற்பகல் 2 மணிக்கும் இடையில் பிடித்த சிறுநீரில் 10 மில்லியை வடிகட்டி, நுண்ணோக்கியில் முட்டையைத் தேட வேண்டும்.

முதலில் நாள் கணக்கைக் கேளுங்கள். குழந்தை கடைசியாக ஏரியில் இறங்கி ஆறு வாரமாவது ஆகியிருக்க வேண்டும், எட்டு வாரம் ஆகியிருந்தால் இன்னும் நல்லது. புழு முதிர்வதற்கு முன் செய்யும் சோதனை அட்டையை வீணாக்குவதோடு பெற்றோருக்குப் பொய்யான நிம்மதியையும் தந்துவிடும்.

அட்டைகளை 30 டிகிரிக்கு மேல் வைக்கக் கூடாது என்று உறையில் அச்சிட்டிருக்கிறார்கள். கத்திரி வெயிலில் கூரியர் வண்டிக்குள் எத்தனை டிகிரி இருக்கும் என்று சென்னைவாசிகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே ஏப்ரல், மே மாதங்களில் வரவழைப்பதைத் தவிர்த்துவிடுங்கள். குளிர்பெட்டியில் வைத்திருந்தால், உறையைப் பிரிக்காமலே வெளியே எடுத்து அறை வெப்பத்துக்கு வரவிடுங்கள். சில்லென்ற அட்டையை உடனே பிரித்தால் அதன்மேல் ஈரம் படியும்.

சிறுநீரை மூடியுள்ள சுத்தமான டப்பாவில் பிடித்துத் தரச் சொல்லுங்கள். கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு இரத்தம் கலந்திருந்தாலோ, சிறுநீர்த் தொற்று இருந்தாலோ பொய்யான கோடு விழக்கூடும் என்பதால், அதைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அட்டையைச் சமமான மேசையில் வைத்து, டிராப்பரைச் செங்குத்தாகப் பிடித்து, குழியில் இரண்டு துளி விடுங்கள். பழைய தயாரிப்புகளில் ஒரு துளி சிறுநீரும் ஒரு துளி பஃபர் கரைசலும் விட வேண்டியிருந்தது. உங்கள் கிட்டோடு வந்த தாளில் இருப்பதையே பின்பற்றுங்கள்.

இனி, நான் தவறிய இடம். 20ஆவது நிமிடத்தில் பார்க்க வேண்டும், 25 நிமிடம் கடந்தால் பார்க்கவே கூடாது. அன்று மூத்த பெண்ணின் அட்டையை மேசையில் வைத்துவிட்டு, இரத்தம் எடுக்கக் காத்திருந்த ஒருவரைக் கவனிக்கச் சென்றேன். திரும்பி வரும்போது முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. தொற்றைக் காட்டும் 'டி' எழுத்துக்கு நேரே, பென்சிலால் லேசாக இழுத்து ரப்பரால் அழித்ததுபோல் ஒரு கோடு தெரிந்தது. நான் "பாசிட்டிவ்" என்று எழுதிவிட்டேன். "ஏரிக்குப் போகாதேன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேனே, தம்பி" என்று அந்த அம்மா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். மனம் ஒப்பாமல் மறுநாள் புதிய சிறுநீரும் புதிய அட்டையுமாக எதிரிலேயே அமர்ந்து பார்த்தேன். 20ஆவது நிமிடத்தில், அட்டை வேலை செய்கிறது என்பதைக் காட்டும் 'சி' கோடு மட்டுமே இருந்தது. 35 நிமிடம் நெருங்கியபோது அதே மங்கல் கோடு எழுந்து வந்தது. அந்தப் பெண்ணின் தம்பியின் அட்டையிலோ 20 நிமிடத்துக்குள் இரண்டு கோடுகளும் அழுத்தமாக விழுந்திருந்தன, மலத்திலும் பக்கவாட்டில் முள் நீட்டிய முட்டைகள் கிடைத்தன.

நேரம் பார்க்கக் கைப்பேசியை நான் பரிந்துரைக்க மாட்டேன், ஓர் அழைப்பு வந்தால் கவனம் போய்விடும். சமையலறையில் வைக்கும், மணியடிக்கும் சிறிய டைமரே போதும். கைப்பேசி டார்ச்சின் ஒளியும் வேண்டாம். அது இல்லாத கோட்டையும் காட்டும். சன்னல் வெளிச்சத்தில், முடிந்தால் இருவர் தனித்தனியே பார்த்து எழுதுங்கள். 'சி' கோடே விழவில்லையென்றால் அந்த அட்டையைத் தூக்கி எறிந்துவிட்டு வேறொன்றை எடுங்கள்.

உரிய நேரத்திலேயே மங்கலான கோடு விழுந்தால் அதை ஆம் என்றும் இல்லை என்றும் எழுதாமல் "டிரேஸ்" என்றே எழுதி, வேறொரு நாள் சிறுநீரையும் அடுத்தடுத்த நாள்களின் மலத்தையும் பார்க்க வேண்டும். நெகட்டிவ் வந்தாலும் அத்துடன் விட்டுவிடாதீர்கள். அங்கேயே பிறந்து வளர்ந்து மீண்டும் மீண்டும் தொற்றுக்கு ஆளாகும் குழந்தைகளைவிட, சில காலம் தங்கித் திரும்பியவர்களின் உடலில் புழுக்கள் குறைவாகவே இருக்கும் என்பதால் அட்டை தவறவிடக்கூடும். இரத்தத்தில் ஆன்டிபாடி (புழுவை எதிர்க்க உடல் உண்டாக்கும் புரதம்) சோதனையும் செய்வதே நல்லது. இந்தப் புழுவுக்கான பிராசிகுவான்டெல் மாத்திரையைக் குழந்தையின் எடைக்கேற்ப மருத்துவர் கணக்கிட்டுத் தருவார், கடையில் நீங்களே வாங்கிக் கொடுக்காதீர்கள். சிகிச்சைக்குப் பிறகு ஆன்டிபாடி நெடுங்காலம் நீடிக்கும். ஆன்டிஜெனோ சில வாரங்களில் வடிந்துவிடும். மருந்து வேலை செய்ததா என்று பார்க்க இந்த அட்டைதான் எனக்குப் பிடித்தது.

பிற்சேர்க்கை: ஊரைவிட்டு எங்கும் போகாத தன் மகன் இரவில் ஆசனவாய் அரிப்பால் தூங்குவதில்லை, இந்த அட்டை உதவுமா என்று பெரம்பூரிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். உதவாது, அம்மா. அது பெரும்பாலும் கீரிப்பூச்சியாக இருக்கும்; கீரிப்பூச்சியோ நாக்குப்பூச்சியோ இந்தச் சோதனையில் தெரியாது. காலையில் பையன் எழுந்ததும், கழுவுவதற்கு முன், ஒளி ஊடுருவும் செல்லோடேப்பின் பசைப் பக்கத்தை ஆசனவாய் ஓரத்தில் ஒற்றி எடுத்து, கண்ணாடி வில்லையில் ஒட்டி ஆய்வகத்துக்குக் கொண்டுவாருங்கள். மூன்று நாள்கள் தொடர்ந்து எடுங்கள், பால்போல் மங்கலான டேப்பை மட்டும் வாங்கிவிடாதீர்கள்.