பள்ளி மானியத்தையும் சுகாதார நிலைய மருந்தையும் ஊர் மக்கள் கண்காணிப்பது எப்படி?

தமிழ்நாட்டில் அரசுப் பள்ளிக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் வரும் பணத்தைக் கண்காணிக்க விரும்பும் குழு, முதலில் தன் கேள்வியை ஒரு பள்ளி, ஒரு நிதியாண்டு, ஒரு மானியம் என்று சுருக்கிக்கொள்ள வேண்டும். ஒன்றிய, மாநில அரசுகள் சேர்ந்து நிதி தரும் பள்ளிக் கல்வித் திட்டமான சமக்ர சிக்ஷாவின் பள்ளி மானியத்திலிருந்து தொடங்குவது எளிது. மாணவர் எண்ணிக்கை 30 வரை இருந்தால் 10,000 ரூபாய், 100 வரை 25,000, 250 வரை 50,000, 1,000 வரை 75,000, அதற்கு மேல் ஒரு லட்சம் என்று திட்ட விதியே தொகையை வரையறுத்திருக்கிறது. அதில் குறைந்தது 10 விழுக்காடு தூய்மைப் பணிக்குச் செலவாக வேண்டும்.

மானியம் செலவாகும் விதத்தைக் கண்காணிப்பதைப் பள்ளி மேலாண்மைக் குழுவின் கடமையாகவே கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு வைத்திருப்பதால், பெற்றோர் உறுப்பினர்கள் கணக்கைக் கேட்கத் தயங்க வேண்டியதில்லை. நிதி விடுவிப்பு ஆணை, செலவுச் சீட்டுகள், இருப்புப் பதிவேடு ஆகிய மூன்றையும் அருகருகே வைத்து ஒப்பிடுங்கள். 2021 முதல், திட்டப் பணத்தை மாநில அளவில் ஒரே கணக்கில் வைத்து, பள்ளிகள் தமக்குரிய வரம்புக்குள் அதிலிருந்து செலவழிக்கும் ஒற்றை முனையக் கணக்கு முறை வந்துவிட்டதால், பள்ளியின் வங்கிப் புத்தகத்தில் இருப்பு இல்லை என்பதை வைத்து முடிவுக்கு வந்துவிடாமல், பள்ளிக்கு ஒதுக்கப்பட்ட செலவு வரம்பு எவ்வளவு என்று கேளுங்கள். பிறகு சீட்டில் உள்ள குழாயும் கதவும் பள்ளியில் இருக்கின்றனவா என்று நேரில் பாருங்கள்.

ஆவணம் தர மறுத்தால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டிப் பொதுத் தகவல் அலுவலருக்கு விண்ணப்பியுங்கள். "ஏன் செலவழிக்கவில்லை" என்று விளக்கம் கேட்கும் விண்ணப்பங்கள் எளிதில் தள்ளப்படும். இன்ன ஆண்டின் இன்ன பதிவேட்டின் நகல் என்றே கேட்க வேண்டும். 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யலாம். அதிலும் பயனில்லை என்றால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்தை அணுகலாம்.

சுகாதார நிலையத்தில் பணத்தைவிட மருந்தைப் பின்தொடர்வதே பயன் தரும். அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்கித் தரும் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் கிடங்கிலிருந்து எடுக்கும் மருந்தின் மதிப்பு, அந்த நிலையத்தின் பாஸ்புக்கில் பதிவாகிறது. அதை இருப்புப் பதிவேட்டுடனும், வெளியில் வாங்கச் சொல்லி நோயாளிகளுக்கு எழுதித் தரப்பட்ட சீட்டுகளுடனும் ஒப்பிட்டால், தட்டுப்பாடு எங்கே தொடங்குகிறது என்பது தெரியும்.

குறை எப்போதும் உள்ளூரில்தான் இருக்கும் என்று கருதுவது அநியாயம். 2024-25இல் தமிழ்நாட்டுக்கு உரிய சமக்ர சிக்ஷா நிதி 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசே விடுவிக்காமல் நிறுத்திவைத்தது. அத்தகைய ஆண்டில் தலைமையாசிரியரைக் குற்றவாளியாக்குவதில் பொருளில்லை. ஆகவே கண்டறிந்ததை முதலில் அவரிடமோ மருத்துவ அலுவலரிடமோ காட்டி, அவர் தரும் பதிலையும் சேர்த்து எழுதிக்கொண்டு, அதன் பின்னரே கிராம சபையில் வையுங்கள். எந்த அலுவலகம் எந்தத் தேதிக்குள் எதைச் சரிசெய்ய வேண்டும் என்பது தீர்மானத்தில் தெளிவாக இடம்பெறட்டும். அதன் நகலையும் கேட்டு வாங்கிவையுங்கள்.