ஐஇஎல்டிஎஸ் பேச்சுத் தேர்வு: மூன்றாம் பகுதிக்குத் தயாராகும் வழி

நர்ஸிங் முடித்துவிட்டு வெளிநாட்டு வேலைக்காக ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் திறன் தேர்வை எழுதும் பிள்ளைகள் நம் குமரி மாவட்டத்தில் நிறைய. முதல் இரண்டு பகுதிகளில் நன்றாகப் பேசுகிறவர்கள்கூட மூன்றாம் பகுதியில் இரண்டு வரியோடு நின்றுவிடுகிறார்கள். பெரும்பாலும் ஆங்கிலம் தெரியாததால் இல்லை, சொல்ல விஷயம் கைவசம் இல்லாததால்தான். அந்த விஷயம் நம் ஊரிலேயே கிடக்கிறது.

படி 1: என்ன கேட்பார்கள்?

பேச்சுத் தேர்வு மொத்தம் 11 முதல் 14 நிமிடம். அதில் கடைசி 4, 5 நிமிடம் மூன்றாம் பகுதியான கலந்துரையாடல். இரண்டாம் பகுதியில் பேசச் சொல்லி அட்டையில் தந்த தலைப்பையே இங்கே விரித்துக் கேட்பார்கள். நீங்கள் போன கடற்கரை ஒன்றைப் பற்றி அட்டை கேட்டிருந்தால், இங்கே ‘மக்கள் ஏன் கடற்கரைக்குப் போகிறார்கள்?’, ‘சுற்றுலாவால் உள்ளூர்க்காரர்களுக்கு என்ன பயன்?’ என்று வரும். உங்கள் கதையை விட்டுவிட்டு ஊர் உலகத்தைப் பற்றிப் பேச வேண்டிய இடம் இது.

படி 2: கேள்வியின் வகை

அன்றும் இன்றும், காரணம், நன்மை தீமை, வருங்காலம். பெரும்பாலான கேள்விகள் இவற்றில் ஒன்றாக இருக்கும். அன்று என்றால் இறந்த காலம், வருங்காலம் என்றால் ‘மைட்’, ‘இஸ் லைக்லி டு’. வகை பிடிபட்டால் இலக்கணம் தானாக வழிக்கு வரும்.

படி 3: பதிலைக் கட்டுவது

இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். ‘சுற்றுலா உள்ளூர் மக்களுக்கு நல்லதா?’ என்ற கேள்வியையே எடுத்துக்கொள்வோம்.

முதலில் நேரடி பதில்: பெரும்பாலும் நல்லது, ஆனால் எல்லோருக்கும் ஒரேபோல் இல்லை. அடுத்தது காரணம்: ஆட்கள் வரும் இடத்தில் சிறு வியாபாரம் பிழைக்கும். அப்புறம் எடுத்துக்காட்டு: கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறையையும் திருவள்ளுவர் சிலையையும் இணைக்கும் 77 மீட்டர் கண்ணாடிப் பாலம் 2024 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்டது, அதைப் பார்க்க வருகிறவர்கள் கரையில் உள்ள சிப்பிக் கடைகளிலும் சாமான் வாங்குவார்கள். பிறகு மறுபக்கம்: அதே கடலில் மீன்பிடிக்கும் குடும்பத்துக்கு அந்தப் பணம் நேராகப் போய்ச் சேர்வதில்லை. கடைசியில் மறுபடி பொதுவுக்கு வாருங்கள்: ‘இட் டிபெண்ட்ஸ் ஆன்’ என்று தொடங்கி, பலன் யார் கைக்குப் போகிறது என்பதைப் பொறுத்தது என்று முடியுங்கள்.

ஊர்க்கதை ஒன்றிரண்டு வாக்கியத்தோடு நிற்கட்டும். கேள்வி கேட்கும் தேர்வாளருக்கு மார்த்தாண்டம் தெரியாது. ‘எங்கள் மாவட்டத்தில் உள்ள ஒரு ஊர்’ என்று சொல்லிவிட்டு மேலே போங்கள்.

படி 4: ஊர்க் குறிப்பேடு

ஒரு நோட்டில் தலைப்புக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். இயற்கைச் சீற்றம், புயல் எச்சரிக்கை என்றால் 2017 ஒக்கி. வியாபாரம், பண்டிகை என்றால் தோவாளைப் பூச்சந்தை. மாற்று எரிசக்திக்கு முப்பந்தல் காற்றாலைகள். பழம்பெருமையைக் காப்பது பற்றி வந்தால் பத்மநாபபுரம் அரண்மனை: தமிழ்நாட்டு மண்ணில் இருந்தாலும் பராமரிப்பது கேரள அரசு. குடும்பம், முதுமை என்றால் பிள்ளைகள் வளைகுடாவில் இருக்க, பெற்றோர் மட்டும் வாழும் வீடுகள். நம் தெருவிலேயே ஒன்றாவது இருக்கும்.

சொற்களாக மட்டும் எழுதுங்கள். முழு பதிலை மனப்பாடம் செய்தால் குரலே காட்டிக்கொடுத்துவிடும். தேர்வாளர்கள் அதை எளிதாகக் கண்டுபிடிப்பார்கள்.

படி 5: செல்போனில் பதிவு

தினமும் ஒரு கேள்விக்குப் பேசிப் பதிவு செய்து கேளுங்கள். சரளமும் கோர்வையும், சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு ஆகிய நான்குக்கும் சம மதிப்பு. உங்கள் கருத்து சரியா தப்பா என்பதற்கு மதிப்பெண் கிடையாது. நம் ஊர் வாடை பேச்சில் இருந்தாலும் பரவாயில்லை, சொல் தெளிவாக விளங்க வேண்டும். ஒவ்வொரு பதிலையும் ‘ஐ திங்க்’ என்றே தொடங்குகிறீர்களா என்று கவனியுங்கள். ‘மோஸ்ட் பீப்பிள் டென்ட் டு’ என்றும் தொடங்கிப் பழகுங்கள்.

படி 6: கேள்வி புரியாவிட்டால்

சரி, கேள்வியே விளங்கவில்லை என்றால்? ஊகித்து எதையாவது பேச வேண்டாம். ‘குட் யூ எக்ஸ்ப்ளெயின் தட், ப்ளீஸ்?’ என்று கேளுங்கள். இந்தப் பகுதியில் தேர்வாளர் கேள்வியை வேறு சொற்களில் மாற்றிச் சொல்லலாம். யோசிக்க நேரம் வேண்டுமென்றால் ‘லெட் மீ திங்க் அபவுட் தட்’ என்று சொல்லிவிட்டு, மூச்சு விட்டுத் தொடங்குங்கள்.