மழைக்கு முன் கண்மாய்க் கரையைப் பார்ப்பது எப்படி?

கண்மாயும் ஒரு மண் அணைதான். பத்தடி, பன்னிரண்டடித் தண்ணீரை ஒரு பக்கம் தேக்கி வைத்துக்கொண்டு, மறுபக்கம் வயலையும் வீடுகளையும் காத்து நிற்கிறது. சிவகங்கைப் பக்கத்தில் எங்கள் ஊர்க் கண்மாயில், இரண்டாம் மடைக்கு, அதாவது வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடும் மதகுக்கு, நேர் கீழே எங்கள் வயல். கரை போனால் முதலில் மண் மேடாவது எங்கள் நெல்தான். அதனால் ஆடி பிறந்ததும், உள்வாய் (கண்மாயின் தண்ணீர் நிற்கும் உட்பக்கம்) காய்ந்து கிடக்கும்போதே, மடை திறந்து வயலுக்குத் தண்ணீர் விடும் எங்கள் நீர்பாய்ச்சி அய்யாவோடு நானும் கரையைப் பார்க்கப் போய்விடுவேன். ஐப்பசி மழை இறங்கிய பிறகு பார்த்தால் குறை தெரியும், ஆனால் சரிசெய்ய நேரம் இருக்காது.

பலரும் கரைமேல் வண்டியில் ஒரு சுற்று போய்விட்டு "எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்கிறார்கள். மேலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. வெளிப்பக்கம் கரையின் அடியில் இறங்கி, கையில் ஒரு அரிவாளோடு நடக்க வேண்டும். புல்லையும் செடியையும் விலக்கிப் பார்க்க வேண்டும். மற்ற இடமெல்லாம் காய்ந்திருக்கும்போது ஓரிடத்தில் மட்டும் கோரை பச்சையாக நின்றால், போன வருடம் அங்கே கசிந்திருக்கிறது என்று அர்த்தம். அங்கே ஒரு கல்லை நட்டுச் சுண்ணாம்பு அடித்து வையுங்கள். மழைக்காலத்தில் முதலில் போய் நிற்க வேண்டிய இடம் அதுதான்.

எலி வளை, நண்டு வளை, உடும்புப் பொந்து, கறையான் புற்று எல்லாவற்றையும் இப்போதே அடைக்க வேண்டும். வாயில் மட்டும் ஒரு கூடை மண்ணைத் தள்ளி மிதித்துவிட்டுப் போவது எந்தப் பயனும் இல்லாத வேலை. உள்ளே பொந்து அப்படியே இருக்கும், தண்ணீர் ஏறியதும் அது குழாயாகிவிடும். வளை போகிற வழியிலேயே கடைசி வரை வெட்டித் திறந்து, ஈரப்பதமான மண்ணை அரையடி அரையடியாகப் போட்டு, ஒவ்வொரு அடுக்கையும் திமிசு (மண்ணை இடித்து இறுக்கும் கட்டை) போட்டு இடிக்க வேண்டும். காய்ந்த கட்டி மண்ணைக் கொட்டினால் முதல் மழையிலேயே அமுங்கிவிடும். கண்மாய்க்குள் வாரிய வண்டலைக் கரைக்குப் போடாதீர்கள். அது வயலுக்கு நல்ல சத்து, ஆனால் காய்ந்தால் வெடிப்பு விடும். களியும் சரளையும் கலந்த செம்மண்தான் கரைக்குப் பிடிக்கும்.

மரத்தில் கவனம் தேவை. கரையில் முளைக்கும் சீமைக்கருவேலத்தைக் கன்றாக இருக்கும்போதே வேரோடு பிடுங்குங்கள். பெரிய மரமாகிவிட்டால் அடியோடு வெட்டிவிட்டு அப்படியே விடக்கூடாது. மண்ணுக்குள் வேர் மக்கி, அந்த இடம் முழுக்க ஓட்டையாகும். வெட்டினால் தூரையும் தோண்டி எடுத்து, குழியை இடித்து நிரப்ப வேண்டும். அதற்கு இப்போது ஆள் இல்லை என்றால் இந்த வருடம் வெட்டாமல் விடுவதே மேல்.

கரையில் தாழ்ந்த இடம் கண்ணுக்குத் தெரியாது. கொத்தனாரிடம் இருக்கிற மட்டக்குழாயை (தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கும் குழாய்) வாங்கிக்கொண்டு போய், கண்மாய் நிறைந்ததும் மிச்சத் தண்ணீர் வழிந்து போகிற கலுங்கின் மட்டத்திலிருந்து தொடங்கிக் கரை நெடுகக் குறி போட்டுக்கொண்டே வாருங்கள். வெள்ளத்தில் கலுங்கு மேல் தண்ணீர் எவ்வளவு உயரம் ஓடும் என்பது ஊரில் வயதானவர்களுக்குத் தெரியும். அந்த உயரத்துக்கு மேல் இன்னும் மூன்றடியாவது கரை நிற்க வேண்டும். மாடு இறங்குகிற தடம், டிராக்டர் ஏறுகிற தடம் இரண்டும்தான் பெரும்பாலும் குறையும். கரைக்கு மேல் தண்ணீர் வழிய ஆரம்பித்தால் வெளிச்சரிவை அறுத்துக்கொண்டே வரும். அதற்குப் பிறகு மூட்டை போட்டு நிறுத்துவது மிகவும் கடினம்.

கலுங்குக்கு நான் கரையைவிட அதிக நேரம் கொடுப்பேன். எவ்வளவு நல்ல கரையாக இருந்தாலும் கலுங்கு அடைபட்டால் போச்சு. கலுங்கின் மேல் வரிசையாக நட்டிருக்கும் குத்துக்கற்களுக்கு நடுவே சிக்கிய முள், மண், பிளாஸ்டிக் எல்லாவற்றையும் எடுங்கள். கலுங்குச் சுவரும் மண்கரையும் சேருகிற இடத்தில் விரல் நுழைகிற இடைவெளி இருந்தாலும் விடாதீர்கள். தண்ணீர் விழுகிற தளத்தின் கீழே மண் அரித்துப் பள்ளமாகியிருந்தால் கல் அடுக்கச் சொல்லுங்கள். அப்புறம், கலுங்கிலிருந்து போகிற வாய்க்காலில் அடுத்த கண்மாய் வரை நடந்து பாருங்கள். நடுவில் யாராவது வரப்பு போட்டு வயலாக்கியிருப்பார்கள்.

குத்துக்கற்களுக்கு இடையே பலகையும் மண்ணும் வைத்து ஒரு அடி கூடுதலாகத் தேக்குவது பழைய வழக்கம். மழை ஓய்ந்த பிறகு, அதாவது மார்கழி வாக்கில், கரை உறுதியாக இருக்கும் கண்மாயில் மட்டும் செய்கிற வேலை அது. ஐப்பசி, கார்த்திகையில் கலுங்கை அடைக்க யார் வந்தாலும், எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும் விடாதீர்கள்.

மடையை ஆடியிலேயே ஏற்றி இறக்கிப் பாருங்கள். திருகுக்கு கிரீஸ் போடுங்கள். குழாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்தால் வேர் நுழைந்திருப்பதும் இணைப்பு விட்டிருப்பதும் தெரியும். கரைக்குக் குறுக்கே தோண்டி மோட்டார் குழாய் பதிக்கிற பழக்கம் இப்போது பல ஊர்களில் வந்துவிட்டது. இதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். குழாயை ஒட்டி மண் ஒருபோதும் பழையபடி இறுகாது.

தண்ணீர் ஏறிய பிறகு கசிவு வரும். மண்கரை என்றால் கொஞ்சம் கசியத்தான் செய்யும். நான் முதன்முதலில் பார்த்துப் பதறியபோது நீர்பாய்ச்சி அய்யா சொன்னது: "தண்ணி வர்றதுக்குப் பயப்படாத தாயி. மண்ணு வருதான்னு பாரு." இடுப்பில் இருந்த சில்வர் டம்ளரில் கசிவு நீரைப் பிடித்து வரப்பில் வைத்தார். ஒரு வெற்றிலை போட்டு முடிக்கிற நேரம் கழித்துத் தண்ணீரைச் சாய்த்துக் காட்டினார். அடி பளபளவென்று இருந்தது. டம்ளர் அடியில் மண் படிந்தால்தான் உள்ளே கரை கரைகிறது என்று பொருள்.

அளந்தும் பார்க்கலாம். கசிவுக்கு முன்னால் சின்ன வரப்பு கட்டி ஒரு துண்டுக் குழாய் வைத்து, பத்து லிட்டர் வாளி நிறைய எத்தனை விநாடி ஆகிறது என்று தினமும் நோட்டில் எழுதுங்கள். பக்கத்தில் கண்மாய் மட்டத்தையும் எழுதுங்கள். மட்டம் ஏறாமலே வாளி சீக்கிரம் நிறைந்தால் அன்றைக்கே ஊரைக் கூட்ட வேண்டும்.

கலங்கலாக ஊற்று கொப்பளித்தால் பெரும்பாலும் எல்லாரும் களிமண்ணை அள்ளி அதன் வாயில் அடைப்பார்கள். தண்ணீர் பக்கத்தில் வேறு வழி தேடும், நிலைமை மோசமாகும். ஊற்றின் மேல் மணல், அதன் மேல் சிறு ஜல்லி, அதன் மேல் பெரிய கல் என்று போடுங்கள். தண்ணீர் வெளியேற வேண்டும், மண் உள்ளேயே நிற்க வேண்டும். சுற்றிலும் வட்டமாக மணல்மூட்டை அடுக்கினால் உள்ளே தண்ணீர் தேங்கி, ஊற்றின் வேகம் குறையும். மூட்டையில் முக்கால் அளவுக்கு மேல் மணல் போடாதீர்கள், ஒன்றோடொன்று பொருந்தி உட்காராது. உள்வாய்ப் பக்கம் சுழி தெரிந்தால் அங்கே தார்ப்பாயை இறக்கி மூட்டை போட்டு அமுக்கலாம், ஆனால் யாரும் சுழிக்குப் பக்கத்தில் தண்ணீரில் இறங்கக் கூடாது. இதையெல்லாம் செய்யும்போதே ஒருவர் மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077-ல் சொல்ல வேண்டும், இன்னொருவர் கீழ்க் கண்மாய் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை பதிவானபோது தூத்துக்குடி, நெல்லைப் பக்கம் பல குளங்கள் உடைந்தன. சங்கிலியாக இருக்கும் கண்மாய்களில் மேலே உடைந்த தண்ணீர் கீழே இருப்பதையும் உடைக்கும்.

ஊரால் முடியாத வேலைக்கு மனு கொடுக்கும்போது யாருடைய கண்மாய் என்று பாருங்கள். ஆயக்கட்டு, அதாவது கண்மாய்த் தண்ணீர் பாயும் நிலம், நூறு ஏக்கருக்குக் குறைவு என்றால் ஊராட்சி ஒன்றியம், அதற்கு மேல் என்றால் நீர்வளத்துறை. ஊரார் சேர்ந்து கண்மாயைப் பராமரிக்கும் குடிமராமத்துக்கு 1858-லேயே மெட்ராஸ் மாகாணத்தில் சட்டம் இருந்தது, 2017-ல் அரசு அதே பெயரில் திட்டமும் கொண்டுவந்தது. ஆனால் வளை அடைக்கவும் கலுங்கில் முள் எடுக்கவும் எந்தத் திட்டத்துக்காகவும் காத்திருக்க வேண்டாம்.

வண்டல் எடுக்க தாசில்தார் அனுமதி வாங்கினாலும், கரை அடியை ஒட்டித் தோண்ட விடாதீர்கள். எங்கள் ஊரில் முப்பதடி தள்ளிக் கயிறு கட்டிவிடுவோம். மடை மட்டத்துக்குக் கீழே தோண்டினால் அந்தத் தண்ணீர் வயலுக்குப் பாயாது. கோடையில் மாட்டுக்கும், கிணற்று ஊற்றுக்கும், மீனுக்கும் அது போதும். அதுவும் வேண்டியதுதான், எனவே நடுவில் ஒரு பள்ளம் ஆழமாக இருக்கட்டும்.

கடைசியாக மீன்பாசி ஏலம், அதாவது கண்மாய் மீனைப் பிடிக்கும் உரிமைக்கான ஏலம். ஏலம் எடுத்தவர் மீன் பிடிக்க அவசரப்பட்டு எல்லா மடைகளையும் திறந்துவிடுவார். தண்ணீர் வேகமாக இறங்கினால், ஊறிப்போயிருக்கும் உள்சரிவு, அலை அரிக்காமல் இருக்கப் பதித்த அலைக்கல்லோடு சரிந்து விழும். அதனால் ஒரே நேரத்தில் ஒரு மடைக்கு மேல் திறக்கக் கூடாது, அதையும் நீர்பாய்ச்சி மட்டுமே திறக்க வேண்டும் என்று ஏல ஒப்பந்தத்திலேயே எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.