யாழ்ப்பாணம் வலிகாமம் வடக்கில் ஆமி விடுவிச்ச காணியைப் பார்க்கப் போறீங்களோ?

1990இல் சண்டைக்குள்ள நாங்கள் விட்டுட்டு வந்த இடம். மதிலும் வேலியும் போய் பற்றைதான் நிக்கும். அதனால முதல்ல கிராம அலுவலரைக் கேளுங்கோ, உங்கட துண்டை உண்மையிலேயே விடுவிச்சிட்டினமோ எண்டு. வரைபடத்தில கோடு ஒரு இடம், முள்ளுக்கம்பி வேறொரு இடம் நிக்கிறதும் உண்டு.

மூல உறுதியை (காணிப் பத்திரத்தை) வீட்டில வையுங்கோ, பிரதி போதும். உறுதி தொலைஞ்சிருந்தா யாழ்ப்பாணக் காணிப் பதிவகத்தில பிரதி எடுக்கலாம்.

ஊர் வயதாளி ஒருவரைக் கட்டாயம் கூட்டிக்கொண்டு போங்கோ. எங்கட உறுதிகளில எல்லை எண்டா அயலவரின்ர பேர்தான். "கிழக்கு இன்னாற்ற காணி" எண்டு கிடக்கும், அந்த இன்னார் கனடாவில. நான் மயிலிட்டிப் பக்கம் போகேக்க மாமிதான் கிணத்துக்கட்டைக் கண்டு, அதிலயிருந்து காலடி எண்ணி மூலையைக் காட்டினவ. பங்குக் கிணறெண்டா உறுதியில கிணத்துப் பங்கு, வழிவாய்க்கால் வரியையும் வாசியுங்கோ. சண்டை வாறதே அதிலதான்.

கண்ணிவெடி எண்டு சொல்லுற மண்டையோட்டுச் சிவப்புப் பலகை கண்டா ஒரு அடியும் வையாதீங்கோ. ஆமி முகாம் வேலியைப் படமெடுக்கவும் வேண்டாம்.

அளக்கிறதை நில அளவையாளரிட்ட விடுங்கோ. 16 பரப்பு ஒரு ஏக்கர், அரைப் பரப்புக்கும் கோடு (நீதிமன்றம்) ஏறினவை இருக்கினம். அயலவர் இல்லாத நேரம் வேலிக் கதியால் (எல்லைத் தடி) போடாதீங்கோ.