துலோ வழியில் சென்னைக்கு ஒரு சமுதாயக் கூடம்

சீனத்தின் ஃபூஜியான் மாகாணத்தில் 1709இல் கட்டி முடிக்கப்பட்ட செங்சி லோ என்பது ஒரு துலோ, அதாவது ஹக்கா என்னும் சீன இனக்குழுவினர் பல குடும்பங்களாகச் சேர்ந்து வாழக் கட்டிய பெரிய மண்கட்டடம். அதில், ஒன்றுக்குள் ஒன்றாக அமைந்த வட்டங்களின் நடுவே, குலத்தார் அனைவருக்கும் பொதுவான மண்டபம் இருக்கிறது. சென்னையில் சமுதாயக் கூடம் வடிவமைப்பவர் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த நடுவைத்தான். மனை செவ்வகமாக இருந்தால் கட்டடமும் செவ்வகமாகவே இருக்கட்டும். ஹக்கா மக்களே சதுரத் துலோக்களும் கட்டியிருக்கிறார்கள்.

ஆகவே, முற்றத்தை முதலில் வரைந்து, அதைச் சுற்றித் தாழ்வாரமும், அதன் பின்னே நூலகம், வகுப்பறை, சமையற்கூடம் ஆகியவையும் வருமாறு அமையுங்கள்.

சுவரில்தான் மிகுந்த கவனம் தேவை. துலோக்கள் பாதுகாப்புக்காகத் தரைத்தளத்தின் வெளிச்சுவரில் சன்னல் வைக்காதவை. நம் ஊர்ப் புழுக்கத்துக்கு அது சற்றும் ஒத்துவராது. வெயில் தாக்கும் மேற்குச் சுவரை மட்டும் தடிப்பாக எழுப்பி, பிற்பகல் கடற்காற்று வரும் தென்கிழக்கில் பெரிய சன்னல்களையும், காற்று வெளியேற எதிர்ப்பக்கத்தில் திறப்புகளையும் வையுங்கள். சிமெண்ட் கலந்து அழுத்திய மண்கற்களைப் பயன்படுத்துவதானால், துலோக்களில் உள்ளது போலவே அடிப்பகுதியைக் கருங்கல்லால் கட்டி, கூரை விளிம்பை நன்கு நீட்டிவிடுங்கள். வடகிழக்குப் பருவமழையின் சாரல் மண்சுவரை அரித்துவிடும்.

முற்றத்துத் தரையைச் சற்றே சரித்து, மழைநீரை வடிகட்டி உறைகிணற்றில் இறக்குங்கள். பல துலோக்களுக்கு ஒரே தலைவாசல்தான். நீங்கள் எதிரெதிரே இரண்டு வாசல்களாவது வையுங்கள், அவசரத்தில் கூட்டம் தடையின்றி வெளியேற வேண்டும்.