மவுத்வாஷும் உரிந்த உட்கன்னமும்: என் அனுபவம்

நிலத்தடி நீரின் ஃபுளோரைடால் பற்கள் பழுப்பேறியவர்கள் மிகுந்த தர்மபுரி மாவட்டத்துக்காரன் நான் என்பதால், ஈறு வீக்கத்துக்காகப் பல் மருத்துவர் 0.2 சதவீதக் குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி கலந்த மவுத்வாஷை எழுதிக் கொடுத்தபோது, அது பற்களையும் வெண்மையாக்கும் என்று வீட்டில் நம்பினார்கள். ஆனால் கன்னத்தின் உட்புறம் எரியத் தொடங்கி, வெண்ணிறப் படலம் நூல் நூலாக உரிந்து வந்தது. காரக் குழம்பை வாயில் வைக்கவே முடியவில்லை.

இம்மருந்து சிலருக்கு வாயின் உட்தோலை உரியச் செய்யும் என்றும், நுரைக்காகப் பற்பசையில் சேர்க்கப்படும் சோடியம் லாரில் சல்ஃபேட்டும் அவ்வாறே செய்யக்கூடும் என்றும் விளக்கிய மருத்துவர், மவுத்வாஷை நிறுத்தி, அப்பொருள் இல்லாத பற்பசைக்கு மாறச் சொன்னார். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரைத் தேக்கரண்டி உப்பைக் கரைத்துக் கொப்பளித்தேன். ஆறிய கேழ்வரகுக் கூழும் மோருமே அப்போது உணவாயின. உரிதல் முதலில் நின்றது. எரிச்சல் மெதுவாகத்தான் தணிந்தது.

ஃபுளோரைடுக் கறை பல்லின் கடினமான வெளிப்படலமான எனாமலுக்குள்ளேயே இருப்பதால் எந்த மவுத்வாஷும் அதை நீக்காது. குளோர்ஹெக்சிடினோ, நெடுநாள் பயன்படுத்தினால், பற்களின் மேல் புதிய பழுப்புக் கறையையே படியவைக்கும். இதை எங்கள் பகுதி இளைஞர்கள் அறிந்திருக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். வாய்ப்புண்ணோ வெண்திட்டோ இரண்டு வாரங்களுக்கு மேலும் ஆறாமல் இருந்தால், மருத்துவரிடம் காட்டத் தயங்காதீர்கள்.