எந்தத் தொடரைப் பார்க்கலாம்? தேர்ந்தெடுக்க ஓர் எளிய வழி

வேலை முடிந்து வந்து, தட்டில் சாப்பாட்டைப் போட்டுக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்தால், எதைப் பார்ப்பது என்று தேடுவதிலேயே அரை மணி நேரம் போய்விடும். தோசையும் ஆறிவிடும். நண்பர்களைக் கேட்டால் ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். தமிழ்த் தொடர்களை இப்போதுதான் பார்க்கத் தொடங்குகிறீர்கள் என்றால், இந்த வரிசையில் போய்ப் பாருங்கள்.

படி 1: நேரத்தைக் கணக்குப் போடுங்கள்

சன் டிவியில் 2002 முதல் 2005 வரை ஓடிய ‘மெட்டி ஒலி’ 800 அங்கங்களை (எபிசோடுகளை) தாண்டியது. விளம்பரம் போக ஓர் அங்கம் 20 நிமிடம் என்று வைத்தாலும் 260 மணி நேரத்துக்கு மேல் வரும். அமேசான் பிரைமில் 2022இல் வந்த ‘சுழல்’ முதல் சீசனில் எட்டே அங்கங்கள்தான். ஒரு வார இறுதியில் முடித்துவிடலாம்.

இதை வைத்து நெடுந்தொடர் மட்டம் என்று நினைக்க வேண்டாம். வெங்காயம் நறுக்கிக்கொண்டே பார்க்கலாம், இரண்டு நாள் விட்டுப்போனாலும் கதை புரியும். அப்படிப் பார்ப்பதற்கென்றே எடுக்கப்பட்டவை அவை. எட்டு அங்கத் துப்பறியும் தொடரில் நடுவே போனை எடுத்தால் ஒரு துப்பு போய்விடும். ஆகவே முதலில் முடிவு செய்ய வேண்டியது: உட்கார்ந்து பார்ப்பீர்களா, வேலை செய்துகொண்டே பார்ப்பீர்களா? எம்ஆர்டி ரயிலில்தான் பார்க்க நேரம் என்றால், வீட்டு வைஃபையிலேயே பதிவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

படி 2: பக்கத்தில் யார் இருப்பார்கள்?

சிங்கப்பூரில் பிஜி13 என்பது ஆலோசனைதான். என்சி16, எம்18, ஆர்21 என்று வந்தால் அவை வயது வரம்புகள். தொடரைத் தொடங்கும்போது திரையின் மூலையில் வரும் அந்த எழுத்தைப் பாருங்கள். ஆனால் அது மட்டும் போதாது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டு வரவேற்பறையில் பாட்டி, பேரப்பிள்ளை, மருமகள் எல்லாரும் ஒரே சோபாவில் இருக்கும்போது எது சங்கடம் என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

அம்மாவும் மகளும் சேர்ந்து பார்க்க நான் முதலில் சொல்வது ‘அயலி’. ஜீ5இல் 2023இல் வந்தது, எட்டு அங்கங்கள். 1990களில் புதுக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமம்; பெண் வயதுக்கு வந்ததும் படிப்பை நிறுத்திக் கல்யாணம் கட்டிவைக்கும் ஊர். டாக்டராக வேண்டும் என்று நினைக்கும் சிறுமி, தான் வயதுக்கு வந்ததையே மறைக்கிறாள். விஷயம் கனமானது, ஆனால் நிறைய இடங்களில் சிரிப்பு வரும்.

படி 3: ஒரே வகையில் இரண்டை எடுத்து ஒப்பிடுங்கள்

‘அயலி’யையும் ஒரு போலீஸ் கதையையும் ஒப்பிட்டு எது பெஸ்ட் என்று கேட்பதில் அர்த்தமில்லை. ‘சுழல்’, ‘வதந்தி’ இரண்டையும் எடுத்துக்கொள்வோம். இரண்டும் 2022, இரண்டும் அமேசான் பிரைம், இரண்டுக்கும் பின்னால் புஷ்கர் – காயத்ரி என்ற இயக்குநர் ஜோடி, இரண்டிலும் எட்டு அங்கங்கள். இரண்டிலும் ஓர் இளம்பெண்ணைச் சுற்றித்தான் வழக்கு.

இரண்டிடமும் ஒரே கேள்விகளைக் கேளுங்கள். கதை எதில் தொடங்குகிறது? ‘சுழ’லில் வேலைநிறுத்தம், தொழிற்சாலையில் தீ, தொழிற்சங்கத் தலைவரின் (பார்த்திபன்) இளைய மகள் காணாமல் போவது எல்லாம் அடுத்தடுத்து வந்து விழுகின்றன. ஊரில் மயானக் கொள்ளைத் திருவிழா வேறு நடந்துகொண்டிருக்கிறது. ‘வதந்தி’யில் கன்னியாகுமரிப் பக்கம் ஓர் உடல் கிடைக்கிறது. இறந்தது நடிகை என்று செய்தி பரவுகிறது. அந்த நடிகையோ உயிரோடு இருக்கிறார். தலைப்பு ஏன் அப்படி என்று அங்கேயே தெரிந்துவிடும்.

அடுத்து, சந்தேகம் எப்படி நகர்கிறது? முன்னதில் ஓர் அங்கம் முடியும்போது விரல் வேறொருவர் பக்கம் திரும்பும், விசாரிக்கும் போலீஸ்காரரின் வீடே வழக்குக்குள் இழுபடும். பின்னதில் இறந்துபோன பெண் வெலோனியைப் பற்றி ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள், விசாரிக்கும் போலீஸ்காரராக வரும் எஸ்.ஜே.சூர்யா அதையெல்லாம் கேட்டுக் கேட்டு, வீட்டில் மனைவி இருப்பதையே மறந்துவிடுகிறார்.

என் கணக்கில் வேகத்துக்குச் ‘சுழல்’, மனிதர்களுக்கு ‘வதந்தி’. ‘வதந்தி’ நடுவில் இழுக்கிறது, அதை மறைக்க முடியாது. ஆனாலும் பார்த்து முடித்த பிறகு என்னிடம் தங்கியது சூர்யாவின் அந்தக் களைத்த முகம்தான். ‘சுழ’லில் குழந்தைகளுக்கு எதிரான வன்முறை வருகிறது, மனதைத் தயார்படுத்திக்கொள்ளுங்கள்.

படி 4: மூன்றாவது அங்கத்தில் முடிவெடுங்கள்

முதல் அங்கத்தை யாரும் சோடையாக எடுப்பதில்லை. உங்களைப் பிடித்து உட்காரவைப்பதே அதன் வேலை. மூன்றாவதில்தான் எழுத்தாளரிடம் சரக்கு இருக்கிறதா என்பது தெரியும். கதாபாத்திரங்களின் பெயர் நினைவிருக்கிறதா? அடுத்து என்ன என்று தானாகத் தோன்றுகிறதா? இல்லையென்றால் நிறுத்திவிடுங்கள். காசு கட்டிவிட்டோமே என்று எட்டையும் பார்த்து முடிக்கத் தேவையில்லை.

படி 5: சந்தா கட்டும் முன் மீவாட்சைத் திறங்கள்

சிங்கப்பூரின் தமிழ் ஒளிவழியான வசந்தத்தின் தொடர்கள் மீவாட்ச் இணையத் தளத்தில் இலவசமாகவே நிறையக் கிடைக்கின்றன. 2010இல் தொடங்கிய ‘வேட்டை’ இங்குள்ள போலீஸை வைத்து எடுத்தது. தமிழ்நாட்டுத் தொடர்களின் பிரம்மாண்டத்தை எதிர்பார்க்காதீர்கள். ஆனால் அடுக்குமாடி புளோக், அதன் கீழ்த்தளத்து வாய்ட் டெக், நாம் பேசும் தமிழ் என்று எல்லாம் தெரிந்த இடமாக இருப்பதில் ஒரு தனி சுகம் உண்டு. தமிழ் சரளமாக வராத பிள்ளைகளுக்கு வசனவரி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தொடங்கினால், அவர்களும் கூட உட்காருவார்கள்.

படி 6: இப்போது நீங்கள் பரிந்துரையுங்கள்

‘சூப்பரா இருக்கு’ என்று மட்டும் சொன்னால் கேட்பவருக்கு ஒன்றும் விளங்காது. என்ன கதை, எங்கே தொய்கிறது, யாருக்கு வேண்டாம் என்று மூன்றையும் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் இவ்வளவு போதும்:

“அக்கா, வதந்தி பாருங்க. ஒரு பொண்ணு கொலை, ஊரே ஆளுக்கொரு கதை சொல்லுது. நடுவுல கொஞ்சம் இழுக்கும், பொறுத்துக்குங்க. சின்னப் பிள்ளைங்க தூங்கின அப்புறம் போடுங்க.”

ஐந்தாவது அங்கம் முடிந்ததும், கொலை செய்தது யார் என்று கேட்டுப் பதில் வரும். சொல்லிவிடாதீர்கள்.